பணித்தலும் பணிதலும்

மேலாண்மை என்னும் வேலை வாழ்நாள் அழைப்பாக மாறுவது எங்கே, எப்படி?

மருத்துவர், ஆசிரியர், துறவி, கலைஞர் ஆகியோரைப் பற்றிப் பேசும்போது 'அதற்கென்றே பிறந்தவர்' என்ற சொற்றொடர் தமிழில் இயல்பாக வந்து விழுகிறது. ஆனால் ஒரு தொழிற்சாலையின் பொது மேலாளரையோ, ஒரு வங்கிக் கிளையின் தலைவரையோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாட்சியரையோ குறித்து அவ்வாறு சொல்பவர்கள் அரிது. மேலாண்மை என்பது வேறொரு தொழிலில் ஒருவர் எட்டிய பதவி உயர்வின் பெயராகவும், சம்பளமும் அதிகாரமும் சேர்ந்து வரும் நாற்காலியாகவுமே பெரும்பாலும் கருதப்படுகிறது.

அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் அன்றாடமும் இந்தக் கருத்துக்குத் துணைபோகிறது. கனடா நாட்டு மேலாண்மை அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், 1973-இல் வெளியான தம் நூலுக்காக ஐந்து தலைமை நிர்வாகிகளுடன் ஆளுக்கு ஒரு வாரம் உடனிருந்து அவர்கள் செய்தவற்றை எல்லாம் குறித்துவைத்தார். அவர்களுடைய செயல்களில் பாதி ஒன்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன, ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒரு பங்கு மட்டுமே. தச்சருக்கு நாளின் முடிவில் ஒரு கதவு மிஞ்சுகிறது, ஆசிரியருக்கு ஒரு பாடம் முடிந்திருக்கிறது; மேலாளருக்கோ தொலைபேசி அழைப்புகளும் கையொப்பங்களும் கூட்டங்களும் சமாதானங்களும் துண்டு துண்டாகக் கழிந்து, அன்று தாம் செய்து முடித்தது என்னவென்று கைநீட்டிக் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. இத்தகைய வேலையில் வாழ்நாள் முழுவதற்குமான அழைப்பை ஒருவர் எவ்வாறு உணர முடியும் என்ற கேள்வி எழுவது இயல்பே.

விடைக்கான திறவு தமிழில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'பணி' என்ற சொல் பெயராக நிற்கும்போது வேலையைக் குறிக்கிறது. 'பணிதல்' என்னும்போது தலைவணங்குதலையும், 'பணித்தல்' என்னும்போது ஆணையிடுதலையும் குறிக்கிறது. ஆணையிடுவதும் வணங்குவதும் ஒரே வேரில் கிளைத்து, இரண்டுக்கும் நடுவே வேலை நிற்கின்ற இந்த அமைப்பு, மேலாண்மையின் இயல்பைச் சுருக்கிச் சொல்கிறது. பிறரைப் பணிப்பவர் தாம் யாருக்குப் பணிகிறார் என்பது தெளிவாகும் இடத்தில்தான் மேலாண்மை அழைப்பாக மாறத் தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மடத்திலிருந்து பட்டறைக்கு

அழைப்பு என்ற கருத்து ஐரோப்பாவில் சமயத்திலிருந்து பிறந்தது. இறைவன் ஒருவரை உலக வாழ்விலிருந்து பிரித்துத் துறவுக்கோ குருத்துவத்துக்கோ அழைக்கிறார் என்பதே அதன் பழைய பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் இன்றும் குருமடம் சேர்வதை 'இறையழைத்தல்' என்றே சொல்கின்றனர். பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூதர், துறவிக்கு மட்டுமே உரியதாக இருந்த அந்த அழைப்பைச் செருப்புத் தைப்பவருக்கும் வயலில் உழுபவருக்கும் வீட்டில் குழந்தையைத் தூக்கி வளர்ப்பவருக்கும் உரியதாக விரித்தார். அவர் பயன்படுத்திய 'பெரூஃப்' என்ற ஜெர்மன் சொல் தொழில், அழைப்பு என்ற இரு பொருளையும் ஒருங்கே தாங்குவது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், 1904-05-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் இந்தச் சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்ந்து, கடமையாக ஏற்ற தொழில் என்ற எண்ணம் நவீன முதலாளியத்தின் மனப்பாங்கை உருவாக்கியதில் எத்தகைய பங்கு வகித்தது என்று ஆராய்ந்தார். சமயப் பற்று வடிந்த பின்னும் உழைப்பின் கட்டாயம் மட்டும் எஞ்சிநின்றது என்பது அவருடைய கவலை. அழைத்தவர் மறைந்துவிட அழைப்பு மட்டும் மிஞ்சினால் அது எதை நோக்கியது என்ற அந்தச் சிக்கல், இன்றைய அலுவலகங்களில் 'உங்கள் வேட்கையைக் கண்டுபிடியுங்கள்' என்று நடத்தப்படும் பயிலரங்குகள் வரை தொடர்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் பெல்லாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட நூலில், மனிதர் தம் உழைப்பைப் பார்க்கும் மூன்று விதங்களைப் பிரித்துக் காட்டினர். சம்பளத்துக்காகச் செய்வது வேலை. உயர்வுக்காகச் செய்வது தொழில்வாழ்க்கை. அந்த உழைப்பின் பொருட்டே செய்வது அழைப்பு. இந்தப் பகுப்பை அளந்து பார்க்க முயன்ற உளவியலாளர் ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் அவருடன் பணியாற்றியோரும், 1997-இல் வெளியான ஆய்வில் ஒரே விதமான அலுவலக உதவியாளர் பதவியில் இருந்த 24 பேரைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதை வேலையாகவும், இன்னொரு பங்கினர் தொழில்வாழ்க்கையாகவும், மீதிப் பேர் அழைப்பாகவும் கருதியதைக் கண்டனர். எனவே உயர்ந்த தொழில், தாழ்ந்த தொழில் என்ற வரிசையில் அழைப்பு அமைந்திருக்கவில்லை. அப்படியானால் அது ஒவ்வொருவரின் மனப்போக்கை மட்டும் சார்ந்ததா? மேலாண்மையைப் பொறுத்தவரை அந்த விடை போதாது என்பதற்கு இந்தியாவிலேயே வலுவான சான்று ஒன்று உண்டு.

விரும்பாமல் வந்த பொறியாளர்

1921-இல் கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலும் கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியலும் பயின்ற வர்கீஸ் குரியன், பால் துறைக்கு வர வேண்டும் என்று ஒருபோதும் எண்ணியவர் அல்லர். மேற்படிப்புக்கு அரசு அளித்த உதவித்தொகை பால்பண்ணைப் பொறியியலுக்கு என்று அமைந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியதும், உதவித்தொகையோடு வந்த ஒப்பந்தக் கட்டாயத்தின் பேரில், குஜராத்தின் ஆனந்த் என்ற சிற்றூரில் இருந்த அரசுப் பாலேட்டு நிலையத்துக்கு 1949 மே 13 அன்று அனுப்பப்பட்டார். செய்வதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. அந்த வேலையிலிருந்து விடுபடுவதே அவருடைய முதல் விருப்பமாக இருந்தது.

அந்த நிலையத்தின் அருகிலேயே கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பழுதடைந்த இயந்திரங்களோடு போராடிக்கொண்டிருந்தது. மும்பைக்குப் பால் அனுப்பும் உரிமை பெற்றிருந்த பால்சன் நிறுவனமும் இடைத்தரகர்களும் கொடுத்த குறைந்த விலையை எதிர்த்து, உழவர்கள் பால் ஊற்ற மறுத்துப் பதினைந்து நாள் போராடியதன் விளைவாக, சர்தார் வல்லபபாய் படேலின் வழிகாட்டலில் 1946 டிசம்பர் 14 அன்று பதிவு செய்யப்பட்ட அமைப்பு அது. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் உதவி கேட்டபோதெல்லாம் குரியன் இயந்திரங்களைப் பழுது பார்த்துக் கொடுத்தார். அரசு வேலையிலிருந்து விடுதலை கிடைத்துப் புறப்படத் தயாரானபோது, புதிய இயந்திரங்கள் ஓடத் தொடங்கும்வரை மட்டும் இருங்கள் என்று திரிபுவன்தாஸ் கேட்க, சில வாரங்கள் என்று தங்கியவர் 1950-இல் ஒன்றியத்தின் மேலாளரானார். 2012 செப்டம்பரில் இறக்கும்வரை அந்த வட்டாரத்தை விட்டு அவர் போகவில்லை.

இந்த வரலாற்றில் அழைப்புக் குரல் எங்கும் முன்கூட்டி ஒலிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பாலின்மீது அவருக்குத் தனிப் பற்று எதுவும் இல்லை. தமக்குப் பால் பிடிக்காது, தாம் பால் குடிப்பதில்லை என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லிவந்தார். பொருளின்மீதுள்ள காதலே அழைப்பின் ஊற்று என்னும் பரவலான எண்ணம் இங்கே உடைகிறது. வேலை முதலில் வந்தது; மனிதர்கள் அடுத்து வந்தனர்; அழைப்பு அவர்களின் வழியாகவே வந்தது.

இருவேளை அளவைப் பாடம்

அது எவ்வாறு வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, பின்னாளில் 'ஆனந்த் முறை' என்று பெயர் பெற்ற அமைப்பின் இயக்கத்தைப் பார்க்க வேண்டும். சிற்றூர்ச் சங்கத்தில் காலையும் மாலையும் உறுப்பினர் பால் ஊற்றுகின்றனர். அளவும் கொழுப்புச் சத்தும் அங்கேயே பார்க்கப்பட்டு அதற்கேற்ப விலை கிடைக்கிறது. சங்கத்தின் நிர்வாகக் குழுவை உறுப்பினர் தேர்ந்தெடுக்கின்றனர். சங்கங்கள் சேர்ந்து மாவட்ட ஒன்றியத்தையும், ஒன்றியங்கள் சேர்ந்து மாநில இணையத்தையும் அமைக்கின்றன. பாலைக் குளிர்விப்பதும் பதப்படுத்துவதும் விற்பதும் தேர்ச்சி பெற்ற மேலாளர்களின் பொறுப்பு; அந்த மேலாளர்களை நியமிக்கும் அதிகாரமோ உழவர்கள் தேர்ந்தெடுத்த குழுவின் கையில் இருக்கிறது.

இந்த அமைப்பில் மேலாளர் கீழே ஆயிரக்கணக்கான ஊழியரைப் பணிக்கிறார், மேலே இரண்டு எருமை வைத்திருக்கும் உழவருக்குப் பணிகிறார். அவருடைய கடமை தவறினால் அது ஆண்டறிக்கையில் ஒரு எண்ணாக வருவதற்கு முன்பே, மறுநாள் காலை வரிசையில் நிற்கும் ஒருவரின் முகத்தில் தெரிந்துவிடும். குரியன் தம்மை உழவர்களின் ஊழியர் என்றே வாழ்நாள் முழுதும் அழைத்துக்கொண்டதைப் பணிவுரையாகக் கொள்வதை விட, அமைப்பின் நேர்ப்பொருளைச் சொன்ன கூற்றாகக் கொள்வதே பொருந்தும்.

அவர் தீர்த்த பெரிய சிக்கல்களும் அந்த வரிசையிலிருந்தே வந்தன. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும். மும்பை அத்தனையையும் வாங்காது. எஞ்சிய பாலுக்கு விலையில்லை என்றால் உழவர் மீண்டும் தரகரிடம் போவார். மிகுந்த பாலைப் பவுடராக்கிக் காப்பதே வழி. எருமைப்பாலைப் பவுடராக்க இயலாது என்பது அன்றைய வெளிநாட்டு வல்லுநர்களின் முடிவாக இருந்தும், குரியனின் நண்பரும் பால் தொழில்நுட்ப வல்லுநருமான எச்.எம்.தலாயா அதைச் செய்து காட்டினார்; 1955-இல் ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்த ஆலை அந்த முயற்சியின் பயன். தமக்குப் பிடித்த ஆராய்ச்சியைத் தேடிப் போன அறிஞரின் கதையாக இது அமையவில்லை. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெளிவாக இருந்ததால், எதை ஆராய வேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அந்த மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் ஓர் இரவு தங்கி உழவர்களிடம் பேசிய பிறகு, இந்த முறையை நாடெங்கும் பரப்புவதற்காக 1965-இல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அதன் தலைமையகம் தில்லியில் இல்லாமல் ஆனந்தில் இருக்க வேண்டும் என்று குரியன் வற்புறுத்தியது இங்கே பொருள் மிக்கது. உழவரின் முகம் தென்படும் தொலைவில் மேலாளரின் மேசை இருக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. 1970-இல் தொடங்கி 1996 வரை மூன்று கட்டங்களாக நடந்த வெண்மைப் புரட்சித் திட்டத்தின் பின்னே, தொண்ணூறுகளின் இறுதியில் இந்தியா உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று. தமிழ்நாட்டில் 'ஆவின்' என்று வழங்கும் கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையமும் இதே மூன்றடுக்கு முறையில் 1981-இல் உருவானதே.

ஏற்பாட்டில் குடிகொண்ட அழைப்பு

குரியனுக்கு நேர் எதிரான வழியில் மேலாண்மைக்கு வந்தவர் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918-இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்த அவருக்கு மருத்துவத்தில் அழைப்பு முன்பே இருந்தது. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்த பின்னும் கண் அறுவைச் சிகிச்சையைப் பயின்று தேர்ந்தவர் அவர். மதுரை அரசு மருத்துவமனையிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது அவர் எதிர்கொண்ட கேள்வி மருத்துவக் கேள்வியாக இல்லை. கண்புரையால் பார்வை இழந்தோர் இலட்சக்கணக்கில்; அறுவை செய்யும் கைகளோ மிகச் சில. ஒரு மருத்துவரின் அன்பு எவ்வளவு பெரிதாயினும் அவருடைய நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரமே உண்டு என்ற உண்மை, அவரை மருத்துவத்திலிருந்து மேலாண்மைக்கு இட்டுச் சென்றது.

அரவிந்தில் உருவான முறை எளியது. அறுவை அரங்கில் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் மற்றவர் ஆயத்தம் செய்யப்படுவதால் மருத்துவர் காத்திருக்கும் நேரம் அற்றுப்போகிறது. பார்வை அளவிடுதல், நோயாளியை ஆயத்தம் செய்தல் முதலிய பணிகளைச் சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் ஏற்கின்றனர். கட்டணம் செலுத்துவதா, இலவசப் பிரிவுக்குச் செல்வதா என்பதை வருமானச் சான்று எதுவும் கேட்காமல் நோயாளியின் முடிவுக்கே விட்டுவிடுகின்றனர். விழிக்குள் பொருத்தும் லென்ஸின் இறக்குமதி விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற ஆலையைத் தொடங்கி, அந்த விலையின் ஒரு சிறு பகுதிக்கு அதை மதுரையிலேயே தயாரிக்கத் தலைப்பட்டனர்.

இந்த ஏற்பாடுகளில் எதிலும் 'அன்பு' என்ற சொல் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அன்பு அவற்றில்தான் உறைகிறது. நல்ல மருத்துவரின் அழைப்பு அவருடைய கைகளில் இருக்கிறது, அவரோடு முடிகிறது. நல்ல மேலாளரின் அழைப்பு அவர் வகுத்த வரிசையிலும் நேர அட்டவணையிலும் கணக்கேட்டிலும் பயிற்சியிலும் குடியேறி, அவர் இல்லாதபோதும் தொடர்கிறது. 2006-இல் வெங்கடசாமி மறைந்த பிறகும் அரவிந்த் வளர்ந்துவருவது இதற்குச் சான்று.

அழைப்பின் நிழல்

அழைப்பைப் போற்றும் எழுத்துகள் வழக்கமாகத் தவிர்க்கும் பக்கம் ஒன்றும் உண்டு. ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்ப்சன் ஆகிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வுக்கு வட அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகளின் பராமரிப்பாளர்களை எடுத்துக்கொண்டனர். தம் பணியை அழைப்பாகக் கருதியவர்கள் அதில் ஆழ்ந்த பொருளைக் கண்டனர். அதே வேளை, குறைந்த ஊதியத்தையும் தனிவாழ்வின் இழப்புகளையும் எளிதில் ஏற்றுக்கொண்டனர், நிர்வாகத்தின் சுரண்டலுக்கும் எளிதில் ஆளாகக் கூடியவர்களாக இருந்தனர். 'இது வேலை இல்லை, தொண்டு' என்று சொல்லி ஊழியரின் சம்பளத்தைக் குறைக்கும் மேலாளர், அழைப்பைப் பிறர் செலவில் நடத்துபவர். தம் நேரத்தைத் தாம் கொடுப்பது அழைப்பாகலாம். கீழே உள்ளவரின் நேரத்தைக் கேளாமல் எடுத்துக்கொள்வது ஒருபோதும் அழைப்பாகாது.

தலைவருக்கே உரிய ஆபத்து வேறொன்று. வாழ்வும் பணியும் ஒன்றாகிவிட்டவருக்கு நாற்காலியை விட்டு எழுவது கடினம். குஜராத்தின் பால் விற்பனை இணையத்துக்கு 1973-இல் தலைவரான குரியன், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்து, உறுப்பு ஒன்றியங்களின் ஆதரவு சரிந்த நிலையில் 2006-இல் 84-ஆம் வயதில் பதவி விலக நேர்ந்தது. அந்தப் பூசலில் யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கு அப்பால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: அவரே கட்டிய அமைப்பில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் முடிவு நிறுவனரின் விருப்பத்தை விட மேலாக நின்றது. அமைப்பின் வலிமைக்கு அது சான்று. அழைப்பின் அளவறியாத் தன்மைக்கும் அதுவே சான்று.

வேபர் 1919-இல் மியூனிக் நகரில் அரசியலை அழைப்பாக ஏற்பது பற்றி ஆற்றிய உரையில், தலைமைக்கு ஈடுபாடு, பொறுப்புணர்வு, அளவறியும் நிதானம் ஆகிய மூன்றும் வேண்டும் என்றார். நிதானம் என்று அவர் குறித்தது, பொருள்களுக்கும் மனிதர்களுக்கும் தமக்கும் இடையே ஓர் இடைவெளியைக் காத்துக்கொள்ளும் ஆற்றலை. முதலாவது இல்லாத மேலாளர் எழுத்தராகிறார். மூன்றாவது இல்லாதவர் தம் நிறுவனத்தைத் தம் உடலின் நீட்சியாக எண்ணத் தொடங்குகிறார்.

சிறு நாற்காலிகளில்

ஆனந்தும் மதுரையும் விதிவிலக்குகள், சிமெண்ட் விற்கும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவை நடத்துபவருக்கு இவை எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தின் அமைப்பாளரை எடுத்துக்கொள்ளலாம். சமையலரையும் உதவியாளரையும் பணிப்பதும், அரிசி, பருப்பு, முட்டை இருப்பைப் பதிவேட்டில் குறிப்பதும், அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்புவதும் அவர் வேலை. மேலாண்மை நூல்கள் கணக்கில் கொள்ளாத மிகச் சிறிய மேலாளர் அவர். ஆயினும் மணி அடித்ததும் தட்டேந்தி வரும் பிள்ளைகள் அவர் கண்முன் நிற்கின்றனர். பதிவேட்டில் எழுதிய எண்ணுக்கும் தட்டில் விழுந்த சோற்றுக்கும் இடையே உள்ள தூரம் சில அடிகளே. பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் துணைத் தலைவருக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

நிறுவனம் பெரிதாகப் பெரிதாக இந்தத் தூரம் நீள்கிறது. மேலாளரின் முன் மனிதருக்குப் பதில் அட்டவணை வந்து நிற்கிறது. பணித்தல் மட்டும் எஞ்சிப் பணிதல் மறைகிறது. அங்கே நேரும் சலிப்புக்கு மருந்தாக ஊக்கவுரைகளும் பயிலரங்குகளும் தரப்படுகின்றன. அவற்றை விடப் பயன்தரும் வழி தூரத்தைக் குறைப்பது: கடன் பிரிவின் தலைவர் கடன் மறுக்கப்பட்டவரை மாதம் ஒருமுறையேனும் நேரில் கேட்பதும், ஆலை மேலாளர் இரவுப் பணிமுறையில் சிலமுறை உடனிருப்பதும், ஊழியருடைய ஊதியத்தை முடிவு செய்பவர் அந்த ஊதியத்தில் ஒரு மாதம் நடக்கும் வீட்டுக் கணக்கை அறிந்திருப்பதும் அதற்கான எளிய வழிகள்.

உழவர்களுக்கான மேலாளர்களை உருவாக்குவதற்கென்று குரியன் 1979-இல் ஆனந்தில் நிறுவிய ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில், சிற்றூர்களில் தங்கி மக்களின் வாழ்வை அறிவது பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மேலாண்மைப் பட்டம் வழங்கும் கல்லூரிகளும் தம் மாணவர்களுக்கு முதல் நேர்காணலுக்கு ஆடை அணியக் கற்றுக்கொடுப்பதற்கு முன், ஒரு பருவமேனும் பால் சங்கத்திலோ அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவிலோ நியாயவிலைக் கடையிலோ நிற்கவைக்க வேண்டும். பணிக்கும் அதிகாரத்தைக் கையில் கொடுப்பதற்கு முன், பணிய வேண்டியவர் யார் என்று அவர்களுக்குக் காட்டுவது அக்கல்லூரிகளின் கடமை.